சிலுவையும் இரட்சிப்பும்: ஒரு ஒலிப்பாடத் தொடர், கேட்டு முடித்தபின்

சிலுவையில் ஒருவர் செத்தது எனக்கு எப்படி இரட்சிப்பு ஆகும்? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பாடங்கள் பேசுகிற ஒலித்தொடர் ஒன்றைப் பணம் கட்டிக் கேட்டேன். தொடரின் பெயரைப் போடப்போவதில்லை. இந்த மாதிரிப் பாடங்கள் இப்போது நிறைய வருகின்றன, எதை வாங்கினாலும் எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: காசுக்கு மோசமில்லை, மூன்று நான்கு பாடங்கள் அருமை, ஒன்பதாம் பாடம் மட்டும் மற்ற பாடங்களில் கட்டியதை எல்லாம் அதுவே இடித்துத் தள்ளுகிறது.

முதல் இரண்டு பாடங்கள் வரலாறு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன், போகாதீர்கள். ரோமர்களுக்குச் சிலுவை என்பது வெறும் மரண தண்டனை அல்ல, அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஊர் பார்க்க அவமானப்படுத்துகிற முறை. கி.மு. 71-இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கலகம் அடங்கியதும், பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோமுக்குப் போகும் சாலை நெடுக அறைந்து நிறுத்தினார்கள். அப்புறம் 1968-இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறைக் குகையில் கிடைத்த, சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் குதிகால் எலும்பைப் பற்றி ஆசிரியர் சொல்கிறார். ஆணி இன்னும் எலும்புக்குள்ளேயே இருக்கிறது, நுனி மட்டும் வளைந்திருக்கிறது. மரத்தில் கணுவில் பட்டு வளைந்திருக்கலாம், அதனால்தான் உடலை இறக்கும்போது பிடுங்க முடியாமல் ஆணியோடு புதைத்திருப்பார்கள் என்கிறார்கள். எலும்புப் பெட்டியின் மேல் யெகோகனான் என்ற பெயர் கீறியிருக்கிறது. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ரத்த வர்ணனைக்குள் போகாமல் நிறுத்திக்கொள்கிறார், அது எனக்குப் பிடித்தது. சுவிசேஷங்களும் அப்படித்தான். நான்கு பேருமே “அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்” என்ற அளவில் கடந்து போய்விடுகிறார்கள், ஆணியைப் பற்றிய பேச்சே இயேசு உயிர்த்தெழுந்த பிறகு சீஷனான தோமா சந்தேகப்படும்போதுதான் யோவானில் வருகிறது. வலி எவ்வளவு என்று அளந்து காட்டினால் இரட்சிப்பு விளங்கிவிடும் என்று நினைக்கிற பிரசங்கங்களுக்கு இது நல்ல பதில். அதே நாளில் இரண்டு பக்கமும் இரண்டு கள்வர்கள் அதே வலியில்தானே தொங்கினார்கள்? யார் தொங்கினார், ஏன் தொங்கினார் என்பதுதான் விஷயம். ரோமில் பாலத்தீன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்திருக்கிறது: சிலுவையில் கழுதைத் தலை கொண்ட ஒரு உருவம், கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான், “அலெக்சமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்” என்று கிரேக்கத்தில் கேலி. சிலுவையைப் பற்றிய உபதேசம் யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது ஏன் என்று அந்தக் கிறுக்கலைக் கேட்டபோது சட்டென்று புரிந்தது.

மூன்றும் நான்கும் பலியைப் பற்றி. இந்த இரண்டுக்காகவே தொடரை வாங்கலாம். பஸ்கா ஆட்டையும் பாவநிவாரண நாளையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் நாம் கேட்டுப் பழகியது. இவர் பிரித்து வைக்கிறார். பஸ்காவைச் சொல்லும் யாத்திராகமம் 12-இல் ஆட்டின் ரத்தம் பாவத்துக்காகச் சிந்தப்படுவதாகச் சொல்லப்படவில்லை, வாசல் நிலைக்கால்களில் பூசப்படுகிறது, உள்ளே இருப்பவர்கள் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட ஆயத்தமாக இடுப்பைக் கட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அது விடுதலையின் ரத்தம். பாவநிவாரண நாளைச் சொல்லும் லேவியராகமம் 16 வேறு. அங்கே இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்றைக் கொன்று அதன் ரத்தத்தைத் திரைக்கு உள்ளே கொண்டுபோய் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் மேல் தெளிக்கிறார்கள். இன்னொன்றின் தலையில் ஆசாரியனான ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாவம் சுமத்தப்பட்ட ஆடு கொல்லப்படவில்லை. கொல்லப்பட்ட ஆட்டின் தலையில் பாவம் சுமத்தப்பட்டதாக அந்த அதிகாரம் சொல்லவில்லை. எத்தனையோ முறை வாசித்த அதிகாரம்தான், ஆனால் இதை இப்படிக் காட்டிக் கேட்டது இதுதான் முதல் தடவை. ரத்தம் சுத்திகரிக்கிறது, ஆடு சுமந்துகொண்டு போகிறது, இரண்டு வேலை. எபிரெயர் நிருபம் 9, 10 அதிகாரங்கள் முதல் வேலையை எடுத்துக்கொண்டு, வருஷந்தோறும் செய்ததை இயேசு ஒரே தரம் செய்து முடித்தார் என்கின்றன. யோவானோ பஸ்காவைப் பிடித்துக்கொள்கிறார், அவர் கணக்கில் இயேசு சாவது பஸ்காவுக்கு ஆயத்தநாளில், அவருடைய எலும்புகள் முறிக்கப்படவில்லை என்றும் குறித்து வைக்கிறார், யாத்திராகமத்தில் ஆட்டுக்குச் சொன்னது போலவே. புதிய ஏற்பாட்டை எழுதியவர்களே ஒரே படத்தோடு நிற்கவில்லை என்பதுதான் இந்தப் பாடங்களின் சாரம், எனக்கும் அதில் முழு உடன்பாடு.

ஐந்து முதல் எட்டு வரை சபையின் வரலாறு. கொஞ்சம் வேகம் அதிகம், பெயர்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும், குறிப்பேடு வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் ஐரேனியு, ஆதாம் கெடுத்த மனித வாழ்க்கையைக் கிறிஸ்து முதலிலிருந்து கடைசிவரை தானே வாழ்ந்து சரிசெய்தார் என்கிறார். மாற்கு 10:45-இல் மனுஷகுமாரன் அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்தார் என்று இருக்கிறது அல்லவா, அந்த மீட்கும்பொருளை யாருக்குக் கொடுத்தார் என்று ஒரு கேள்வி கிளம்பி நூற்றாண்டுக் கணக்கில் ஓடியிருக்கிறது. பிசாசுக்கு என்றவர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டு ஆயரான நீசாவின் கிரகோரி, இயேசுவின் மனிதத்தன்மை இரை, உள்ளே இருந்த தெய்வத்தன்மை தூண்டில் முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று சொன்னார். அவருடைய நண்பர் நசியான்சுவின் கிரகோரிக்கு இந்தப் பேச்சே ஆகவில்லை: கொள்ளைக்காரனுக்கு மீட்புப்பணமா, அதுவும் தேவனையே விலையாகக் கொடுத்தா, வெட்கக்கேடு என்கிறார். சரி, பிதாவுக்கா என்றால் நம்மைச் சிறைப்பிடித்தவர் பிதா அல்லவே என்று அதையும் ஒத்துக்கொள்வதில்லை. இந்த இடத்தை ஆசிரியர் ரசித்துச் சொல்கிறார், நானும் ரசித்துக் கேட்டேன்.

பிறகு கான்டர்பரியின் பேராயர் அன்செல்ம். 1098 வாக்கில் அவர் முடித்த நூல், பிசாசை இந்த வழக்கிலிருந்தே வெளியேற்றிவிட்டது. பாவம் என்பது தேவனுக்குச் சேரவேண்டிய கனத்தை, அதாவது மரியாதையை, கொடுக்காமல் இருப்பது, அதற்கு ஈடு செய்தாக வேண்டும், செய்யவேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் தேவன் மட்டும், ஆகவே தேவனும் மனிதனுமான ஒருவர். ஒரு நுணுக்கத்தை ஆசிரியர் அழுத்திச் சொல்வது நல்ல காரியம்: அன்செல்மிடம் ஈடு என்பது தண்டனைக்குப் பதிலாக வருவது, ஈடு வந்துவிட்டால் தண்டனை இல்லை. தண்டனையையே கிறிஸ்து நம் இடத்தில் ஏற்றார் என்பதை மையமாக வைத்துப் பேசியது பதினாறாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள், முக்கியமாகச் சட்டம் படித்த கால்வின். இரண்டையும் ஒன்று என்று பேசுபவர்கள் அதிகம். பன்னிரண்டாம் நூற்றாண்டு இறையியலாளர் அபெலாருக்குப் பத்து நிமிஷம்தான் கிடைத்தது, “சிலுவை வெறும் முன்மாதிரி என்றவர்” என்று ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். அந்த அன்பு நம்மில் ஊற்றப்பட்டு நம்மையே மாற்றுகிறது என்று அபெலார் சொன்னதை “வெறும்” என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் எட்டாம் பாடத்தின் முடிவில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: நிசேயா விசுவாசப் பிரமாணம் “நமக்காகவும் நம்முடைய இரட்சிப்புக்காகவும்” என்கிறது, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்கிறது, எப்படி என்ற விளக்கம் எதையும் சேர்க்கவில்லை. ஆயர்கள் கூடிப் பேசிய பழைய பொதுச் சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதற்காகச் சண்டை போட்ட அளவுக்கு இதற்காகப் போடவே இல்லை.

இப்போது ஒன்பது. தண்டனையை நம் இடத்தில் ஏற்றார் என்ற போதனை பற்றிய பாடம். போதனையின் மேல் எனக்குச் சண்டை இல்லை. நம் அக்கிரமங்களுக்காக அவர் நொறுக்கப்பட்டார் என்று ஏசாயா 53 இருக்கிறது, கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று கலாத்தியர் 3:13 இருக்கிறது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு யாரும் பவுலை வாசிக்க முடியாது. சொன்ன விதம்தான் பிரச்சினை. எல்லாருக்கும் தெரிந்த அந்த நீதிபதி கதையை எடுக்கிறார்: குற்றவாளிக்கு மரண தண்டனை, நீதிபதிக்கு மனசு தாங்கவில்லை, தன் மகனை அழைத்து “நீ போ” என்கிறார். பின்னணியில் வயலின் வேறு, குரலும் ஏறிவிடுகிறது, அதுவரை நிதானமாகப் பேசிய மனிதர் இவர்தானா என்று தோன்றியது. இந்தக் கதையில் நீதிபதிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மகன் மூன்றாம் ஆள். கோபமான அப்பா, பாவப்பட்ட பிள்ளை, நடுவில் தப்பித்த நாம். எந்த நீதிமன்றத்தில் இது நீதி? வெளியில் இருப்பவர்கள் சிலுவையைப் பார்த்து “என்ன தெய்வம் இது” என்று கேட்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கதைதான்.

பவுல் சொல்வது வேறு. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துதான் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார், 2 கொரிந்தியர் 5:19. அனுப்பிவிட்டு நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. யோவான் 10:18-இல் இயேசு தன் ஜீவனைத் தானே கொடுப்பதாகச் சொல்கிறார், யாரும் பறிக்கவில்லை. நாம் பாவிகளாய் இருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்ததில் தேவன் தம்முடைய அன்பை விளங்கப்பண்ணினார் என்கிறது ரோமர் 5:8. சிலுவையால் தேவனுடைய மனசு மாறி அன்பு வந்ததாக அங்கே இல்லை, அன்பு முதலில் இருந்தது, சிலுவை அதிலிருந்து வந்தது. கால்வினே அகஸ்தீனைத் துணைக்கு அழைத்து இதைத்தான் எழுதியிருக்கிறார், ஒப்புரவாவதற்கு முன்பே தேவன் நம்மை நேசித்தார் என்று. கால்வினை விளக்க வந்த பாடத்தில் கால்வினின் இந்த வரி இல்லை. நான்காம் பாடத்தில் இதே ஆசிரியர், பலி என்பது மனிதன் தேவனுக்குக் கொடுத்த லஞ்சம் அல்ல, பலிபீடத்தின் ரத்தத்தை உங்களுக்குக் கொடுத்தேன் என்று லேவியராகமம் 17:11-இல் தேவனே சொல்கிறார் என்று அழகாகக் காட்டியிருந்தார். அதை எங்கே தொலைத்தார்?

பத்தாம் பாடம் சபைப் பிரிவுகள். 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் நீதிமானாக்கப்படுதல் (பாவி தேவனுக்கு முன் நீதிமானாவது) பற்றி வெளியிட்ட தீர்மானம், 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதே விஷயத்தில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, இரண்டும் வருகின்றன, தகவல் சரி. கிழக்கத்திய சபைகள் மரணத்தை மரணத்தால் மிதித்த வெற்றியாகச் சிலுவையைப் பார்ப்பது மட்டும் ஒரு ஓரமாக வந்து போகிறது. துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் சிலுவையில் வென்றதாகச் சொல்லும் கொலோசெயர் 2:15 வைத்து ஒரு முழுப் பாடமே நடத்தியிருக்கலாம்.

பதினொன்று, தொடரின் உச்சம். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு முழுப் பாடம். இரண்டு சுலபமான வழிகள் உண்டு, இரண்டையும் இவர் மறுக்கிறார். பிதா உண்மையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அடித்துச் சொல்வது ஒன்று. அது சும்மா 22-ஆம் சங்கீதத்தை ஓதியதுதான், சங்கீதம் துதியில் முடிகிறது, கவலைப்படாதீர்கள் என்பது இன்னொன்று. சங்கீதம் துதியில்தான் முடிகிறது, ஆனால் மாற்கில் இயேசு வாயிலிருந்து வந்தது முதல் வரி மட்டும். கைவிடப்பட்டவர்கள் சொல்கிற வார்த்தையைத் தேவகுமாரனே சொன்னார், இனி அந்த இடமும் அவர் போகாத இடமாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வேகமாக அடுத்ததற்குப் போகாமல் கொஞ்ச நேரம் மௌனமாக விடுகிறார். வயலின் இல்லை, நல்லவேளை.

பன்னிரண்டில் உயிர்த்தெழுதல். அதுவும் பாதிப் பாடம்தான், மீதி கேள்வி பதில். இது சின்னக் குறை இல்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள் என்கிறார் பவுல், 1 கொரிந்தியர் 15:17. அப்படியென்றால் சிலுவை மட்டும் தனியாக நின்றால் பாவம் போகவில்லை என்றுதானே அர்த்தம்? பதினொரு பாடம் சிலுவைக்கு, அரைப் பாடம் காலியான கல்லறைக்கு. சிலுவையோடு நின்றுவிடுகிற மேற்கத்தியப் பழக்கம் இவரையும் விடவில்லை.

கேள்வி பதிலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தேவன் சும்மா மன்னித்திருக்கக் கூடாதா, எதற்கு ஒரு சாவு என்று ஒருவர் கேட்கிறார். சும்மா மன்னிப்பது என்று ஒன்று கிடையாது என்று ஆரம்பிக்கிறார் ஆசிரியர்: கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை எங்கும் மறைந்துபோவதில்லை, கொடுத்தவர் தலையில் விழுகிறது, மன்னிக்கிறவர்தான் எப்போதும் நஷ்டத்தை ஏற்கிறார், சிலுவையில் ஏற்றவர் தேவன்தான், வேறு யாரோ அல்ல. ஒன்பதாம் பாடத்தை எடுத்துவிட்டு இந்த ஐந்து நிமிஷத்தை அங்கே வைத்திருந்தால் எனக்கு எழுதவே ஒன்றும் இருந்திருக்காது.

மற்றபடி, ஒலி தெளிவு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், வசன எண்களோடு குறிப்புகள் தருகிறார்கள், நான் சரிபார்த்த வரை எண்கள் சரி. பாட முடிவில் வரும் தேர்வுக் கேள்விகள் சின்னப்பிள்ளைத்தனம், பிலாத்து எதைக் கழுவினான் என்று கேட்கிறார்கள். பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள வசதி இல்லை. வாங்குகிறவர்கள் எட்டு முடிந்ததும் ஒன்பதைத் தள்ளிவைத்துவிட்டு பதினொன்றைக் கேளுங்கள், கேள்வி பதிலையும் கேட்டு முடித்த பிறகு வேண்டுமானால் ஒன்பதுக்குத் திரும்பலாம். பத்தை எப்போது கேட்டாலும் ஒன்றுதான்.