எக்செல் கடன் கணக்கை டேட்டாபேஸில் ஏற்றக் கொடுக்கிறவர்கள் கவனம்

சுன்னாகத்தில் எங்களுக்கு உரக்கடை. வெங்காயம், புகையிலை செய்கிற ஆட்களுக்குக் கடனுக்குக் கொடுத்து, விளைச்சல் விற்ற பிறகு காசு வாங்குவது வழக்கம். அந்தக் கணக்கு முழுக்க ஒரே எக்செல் கோப்பில், 1,840 வரி. புது பில்லிங் மென்பொருளுக்கு அதை ஏற்றித் தருவதாக டவுனில் இருந்து ஒருவர் வந்தார். 45,000 ரூபாயையும் முதலே வாங்கிக்கொண்டார். இரண்டு மணித்தியாலத்தில் "எல்லாம் ஏறிட்டுது அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வயதான ஐயா ஒருவர் கடன் கட்ட வந்தார். திரையில் 12 ரூபாய் என்று நின்றது. "தம்பி, நான் தரவேண்டியது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. வடிவாப் பாரும்" என்று மடியில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மருமகன் வந்து பார்த்துத்தான் விளங்கியது. தொகை 12,500 என்று கமாவோடு இருந்திருக்கிறது. பில்லிங் மென்பொருள் கணக்கை வைத்திருக்கிற டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். அது கண்டிப்பு முறையில் ஓடினால் கமா போட்ட தொகையை ஏற்காமல் பிழை காட்டும். ஏற்ற வந்தவர் அந்த முறையையே நிறுத்திவிட்டார். அப்போது கமா வரைக்கும்தான் எண்ணாக எடுக்கும், மிச்சம் போய்விடும். ஆயிரத்துக்குக் குறைந்த கடன்கள் சரியாகவே ஏறியிருந்தன. அவர் எனக்குக் காட்டிய 850 ரூபாய் கணக்கும் அப்படி ஒன்று.

அடையாள அட்டை இன்னும் மோசம். புதிய 12 இலக்க எண்ணை எக்செல் முதல் ஆறு இலக்கத்தோடு சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி, அதாவது டேட்டாபேஸில் ஏற்றுகிற வெறும் எழுத்துக் கோப்பு, ஆக்கினால் கண்ணுக்குத் தெரிகிறதுதான் கோப்பில் போகும். அட்டை எண் பிறந்த வருடத்திலும் நாளிலும் தொடங்குவதால், ஒரே வருடத்தில் கிட்டடி நாட்களில் பிறந்த ஆட்கள் எல்லாருக்கும் ஒரே எண் விழ, இரட்டைப் பதிவு என்று 228 பேர் ஏறவே இல்லை. போன் எண்களில் முன்னுக்கிருந்த பூச்சியமும் இல்லை. அது சின்ன வேலை, சேர்த்துவிடலாம்.

ஏற்றியவரைக் கேட்டால், "உங்கட எக்செல்தான் பிழை", திருத்த இன்னும் 20,000 வேண்டுமாம். அப்புறம் போனே எடுக்கவில்லை.

மூலக் கோப்பு என் பென் டிரைவில் இருந்ததால் தப்பினோம். நீங்களும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டே கொடுங்கள். ஏற்ற முதல் எத்தனை வரி, மொத்தக் கடன் எவ்வளவு என்று எழுதி வைத்து, ஏற்றிய பிறகு அதே இரண்டையும் டேட்டாபேஸில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்றும்போது டேட்டாபேஸ் காட்டிய எச்சரிக்கைப் பட்டியலையும் கேளுங்கள். வரியும் தொகையும் பொருந்தும்வரை பாதிக் காசுக்கு மேல் கொடுக்கவேண்டாம்.

ஐயா கட்டிய 12,500ஐ அன்றைக்குக் கொப்பியில்தான் எழுதினோம்.