புல்லட் பின் வீல் நேரா நிக்குதா: பல்லை நம்பலாமா, நூலையா, பலகையையா?

கீழக்கரையில ஒரு 78 மாடல் புல்லட் 350 ஐ பிரிச்சு மேஞ்சு திரும்ப கோத்துக்கிட்டு இருக்கேன். இஞ்சின் கூட இவ்வளவு படுத்தல, பின் வீலை நேரா நிறுத்துறதுக்குத்தான் நாலு விதமா பாக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல எல்லாரும் பண்றது அட்ஜஸ்டர் பல்லை எண்ணுறது, அதாவது பின் ஆக்சிலை முன்ன பின்ன நகத்தி செயினை இறுக்குற சாமானோட பல்லு. புல்லட்ல நத்தை மாதிரி சுருண்ட கேம் ரெண்டு பக்கமும் இருக்கும், இடது 4வது பல்லுன்னா வலதும் 4, முடிஞ்சது வேலை. புதுசுல சரிதான். ஆனா நம்ம கடற்கரை உப்புக் காத்துல பழைய கேம் துருவேறி பல்லே மழுங்கிப் போயிருந்துச்சு, கடையில வாங்குனது ஜோடியும் இல்ல, ஒண்ணு ஒரு செட்டு இன்னொண்ணு வேற செட்டுன்னு மாட்டுனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. சின்ன வித்தியாசந்தானேன்னு விடவும் முடியாது. ரெண்டு அட்ஜஸ்டருக்கும் நடுவுல 20 செ.மீ.ன்னு வச்சுக்கிட்டா, வீல்பேஸ் (ரெண்டு வீல் நடுவுக்கும் உள்ள தூரம்) 1370 மி.மீ., அப்ப பின்னாடி 1 மில்லி தப்புனா முன் வீல்கிட்ட போறப்ப கோடு 7 மில்லி விலகிரும்.

அடுத்தது நூல். இதுக்கு நம்ம ஊர்ல செலவே இல்ல, தூண்டில் நரம்பு எந்தக் கடையிலயும் கிடைக்கும், நீளாம விறைப்பா நிக்குற மாதிரி தடிச்சதா வாங்கணும். வண்டியை சென்டர் ஸ்டாண்டுல நிமித்தி நிறுத்தி, பின் டயருக்குப் பின்பக்கம் சுத்தி ரெண்டு பக்கமும் முன்னாடி இழுத்து, தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல ஸ்டாண்டு சைலன்சர் எதுலயும் இடிக்காம செங்கல்ல கட்டிட்டு, பின் டயரோட முன் ஓரத்துல நரம்பு பட்டும் படாம நிக்குற வரைக்கும் செங்கல்லை நகத்தணும். என் வண்டியில முன்னாடி பின்னாடி ரெண்டுமே 3.25-19 டயர், அகலம் ஒண்ணுதான், அதனால முன் டயரையும் நரம்பு அப்படியே தொடணும். ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கவங்களுக்கு முன்னாடி 2.50 இஞ்ச், பின்னாடி 2.75 இஞ்ச் அகலம், அங்க ரெண்டு பக்கமும் சுமாரா 3 மில்லி சமமா இடைவெளி வந்தா சரி. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வெளிய வச்சுப் பாத்துராதீங்க, நரம்பு ஆடுற ஆட்டத்துல நாம வண்டியைத் தப்பா நினைச்சிருவோம்.

காத்துக்கு பலகை தேவலாம். வள்ளம் கட்டுற ஆசாரிகிட்ட ஒரு சட்டம் வாங்கிப் பாத்தேன், அது வாழைக்காய் மாதிரி வளைஞ்சு இருந்துச்சு. அப்புறம் 7 அடி அலுமினிய பாக்ஸ் பைப் ரெண்டு. அதையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சு நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க, ஒண்ணை திருப்பிப் போட்டும் பாருங்க. பைப் தடிமனு, ஸ்டாண்டுக்கு அடியில நுழைக்கிறதுக்குள்ள முழங்கை தோல் உரிஞ்சிரும். எனக்கு நூலே போதும்.

செயின்ல மாட்டுற லேசர் ஒண்ணு நண்பன் குடுத்தான். மத்தியான வெயில்ல புள்ளியே தெரியல, அது காட்டுறதும் செயின் லைனை மட்டுந்தான், டயர் எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

இப்ப என் கூத்துக்கு வர்றேன். நூல் புடிச்சா இடப்பக்கம் 4 மில்லி இடைவெளி, வலப்பக்கம் நரம்பு முன் டயர்ல மோதி வளையுது. கேமை ஒரு பல்லு மாத்துனா எதிர்ப்பக்கம் தப்புது, திரும்ப பழைய பல்லுக்கு வந்தா அதே 4 மில்லி. ரெண்டு சாயங்காலம் இப்படியே போச்சு. அப்பதான் பக்கத்துத் தெரு மெக்கானிக் காக்கா (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து பாத்துட்டு, "தம்பி, நூலு தப்பு இருக்குன்னு சொல்லும், யாரு தப்புன்னு சொல்லாதுப்பா"ன்னாரு.

ஒரு மரச்சட்டத்துல ரெண்டு ஆணி அடிச்சு, ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்குற கை) வண்டியோட சேர்ற அச்சாணி நடுவுல ஒரு ஆணி, ஆக்சில் நடுவுல இன்னொண்ணு, அப்படியே எடுத்து அடுத்த பக்கம் வச்சாரு. டேப்பு போட்டா கண் சாய்ஞ்சாலே ஒரு மில்லி ஏமாத்தும், ஆணி ஏமாத்தாது. இடது 5, வலது 4ல ரெண்டு பக்கமும் ஒரே அளவு, அந்தப் பல்லுலதான் நூல் 4 மில்லி காட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆக்சில் நேராத்தான் இருக்கு, அப்ப குத்தம் ரிம்மு மேல. நான் கம்பி கோத்தப்ப ரிம்மை ஹப்புல (வீலோட நடுக் குடம்) 4 மில்லி இடப்பக்கமா நிறுத்திட்டேன்! ஹப்போட வலப்பக்க ஃபிளேஞ்சுக்கு (விளிம்பு) போற ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கி இடதை தளத்தி பெண்ட் எடுத்ததும் நரம்பு நாலு இடத்துலயும் போய் ஒட்டிருச்சு. இந்த ஆணிச் சட்டமும் ஸ்விங் ஆர்ம் வளையாம இருந்தாத்தான் செல்லும், விழுந்த வண்டின்னா மொதல்ல அதைப் பாருங்க. எல்லாம் முடிஞ்சு ஆக்சில் நட்டை இறுக்குறப்ப வீல் நகரும், இறுக்குனப்புறம் இன்னொரு தடவை நூல் புடிங்க.

ஓட்டிப் பாக்க பாம்பன் பாலத்துக்குப் போயிராதீங்க, அந்தக் காத்துல எந்த வண்டியும் ஒரு பக்கமாத்தான் இழுக்கும். நான் உச்சிப்புளி பக்கம் காத்தில்லாத விடியக்காலையில ரோட்டு நடுவாப்ல ஓட்டிப் பாத்தேன், ஓரத்துல போனா ரோட்டுச் சரிவுக்கே வண்டி இடப்பக்கம் சாயும்.

இப்பவும் கேம் இடது 5, வலது 4லதான் நிக்குது. டீக்கடையில நிறுத்துனா ஒருத்தராவது குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணே, பின் வீல் கோணலா மாட்டியிருக்கீங்களே"ங்கிறாங்க.