கியர் மாறும்போது உதைக்கிற கார்: வேலூரில் கிடைத்த இரண்டு பதில்கள்

கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தால் எவ்வளவுக்கு எஸ்டிமேட் வரும் என்பது இந்த முறை ஊருக்குப் போனபோது தெரிந்தது. கிளட்ச் செட், கியர் ஆக்சுவேட்டர், அதற்கு ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து அரை லட்சத்தைத் தாண்டியது. அந்த சர்வீஸ் சென்டரில் யாரும் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையன் டொராண்டோவிலிருந்து வந்திருக்கிறான், சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிவைக்க, "அப்போ எல்லாத்தையும் மாத்திடலாம் சார், அப்புறம் அப்பாவுக்குத் தொந்தரவே இருக்காது" என்றார் அட்வைசர். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம்.

வண்டி கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி, அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, 2014-ல் மாருதி இதை செலேரியோவில் கொண்டுவந்த பிறகு மற்ற கம்பெனிகளும் சின்ன கார்களில் போட ஆரம்பித்துவிட்டன. கிரீன் சர்க்கிள் நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் அப்பா வாங்கினார். பலரும் இதை முழு ஆட்டோமேட்டிக் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச்சும்தான், நாம் காலாலும் கையாலும் செய்வதை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது, அவ்வளவுதான். அதனால் கியர் மாறும் நேரத்தில் தலை லேசாக முன்னால் போய் வருவது இதன் இயல்பு. எங்கள் வண்டியில் இருந்தது வேறு. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது ஒரு உதை, கூடவே அடியில் டொக்கென்று சத்தம், ரிவர்ஸ் போட்டாலும் அதே டொக், இன்ஜின் சூடான பிறகு இன்னும் மோசம். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன், மேல் கியர்களில் ஒரு குறையும் இல்லை, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சுழலும் வேகத்தோடு (ஆர்பிஎம்) சேர்ந்து வண்டியின் வேகமும் ஏறியது. கிளட்ச் வழுக்கியிருந்தால் இன்ஜின் மட்டும் அலறியிருக்கும், வண்டி அந்த அளவுக்குப் போயிருக்காது. இதையெல்லாம் போனில் குறித்து வைத்துக்கொண்டேன்.

தம்பியின் நண்பர் சொல்லி கொணவட்டம் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனோம். அங்கே மெக்கானிக் பாய் நான் குறித்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு ரவுண்டு தானே ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்துவைத்தார். தம்பியை உட்காரவைத்து, பிரேக்கை விட்டு ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று மாற்றி மாற்றி நகர்த்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மொத்த இன்ஜினும் ஒரு பக்கமாக எழும்பி, டொக்கென்று உட்கார்ந்தது. எனக்கே கண்ணால் தெரிந்தது. அப்புறம் லீவரைக் கொடுத்து, இன்ஜினை ஆடாமல் வண்டியோடு பிடித்து வைக்கிற பின்பக்க மவுண்டிங்கை நெம்பிக் காட்டினார். ரப்பர் முழுக்கக் கிழிந்து, நடுவில் இருக்கும் இரும்பு தனியாக ஆடியது. "கிளட்ச் தேஞ்சிருக்கு சார், ஆனா உயிர் இருக்குது. இதுதான் கிழிஞ்சிக்கினு கீது" என்றார். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியையும் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டார். ஆக்சுவேட்டர் கரண்டில் ஓடுவதால் பேட்டரி பலவீனமாக இருந்தால் ஏஎம்டியில் ஏதாவது தகராறு வரும், அப்பாவின் வண்டியோ பாதி நாள் ஓடாமல் வீட்டிலேயே நிற்கிறது.

மவுண்டிங்குக்குக் கம்பெனி சாமான்தான் வேண்டும் என்று பாய் பிடிவாதமாக இருந்தார், ஆர்டர் போட்டு வர நேரமானது. போட்டதும் டொக் நின்றுவிட்டது. உதை பெருமளவு குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

மீதியைப் பாயால் செய்ய முடியவில்லை, அதையும் அவரே சொன்னார். கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் இடம் நகர்ந்துகொண்டே போகும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு அந்தப் புது இடத்தை ஸ்கேனர் மாட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவரிடம் ஸ்கேனர் இல்லை. சத்துவாச்சாரியில் ஸ்கேனர் வைத்திருக்கும் இன்னொரு கேரேஜில் செய்தோம். வேலை என்னவோ கொஞ்ச நேரம்தான், அந்தப் பையன் சாப்பிட்டு வரும்வரை வெயிலில் காத்திருந்ததுதான் அதிகம். ஷெட் மெக்கானிக்தான் உசத்தி, சர்வீஸ் சென்டர் எல்லாம் கொள்ளை என்று இதைப் படித்துக்கொள்ள வேண்டாம். ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். கனடாவில் கேரேஜுக்குப் போனால் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வதற்கே தனியாக ஒரு பில் போடுவார்கள், எரிச்சலாக இருக்கும். நம் ஊரில் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் இலவசம், சாமான் மாற்றினால்தான் வருமானம், அப்புறம் எஸ்டிமேட்டில் சாமான் நிறையாமல் என்ன செய்யும்? அதிலும் வெளிநாட்டுக்காரன், அவசரக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். பாயிடம் பார்த்ததற்குத் தனியாகப் பணம் நீட்டினேன், "பார்த்ததுக்கு இன்னா சார் காசு" என்று முதலில் வாங்கவே மாட்டேன் என்றார். தம்பிதான் அவர் சட்டைப் பையில் வைத்தான்.

கிளட்ச் செட் மாற்றுகிற செலவு எப்படியும் வரும், அதைத் தள்ளிப்போடுவது இனி அப்பா கையில். காட்பாடி ரயில்வே மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும்போது பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஏஎம்டியில் அது கிளட்ச்சை நேராகச் சுடுகிற வேலை. நான் சொன்னால் கேட்க மாட்டார், அதனால் பாயை விட்டே சொல்லவைத்திருக்கிறேன்.