ரோஸ் கலர் மவுத்வாஷா, உப்பு-ஆப்பசோடா தண்ணீரா?

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, கீமோ தொடங்கும் முன் பல் டாக்டரிடம் போனோம். ஸ்கேலிங் செய்து, ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, குளோர்ஹெக்சிடின் என்ற ரோஸ் கலர் கிருமிக்கொல்லி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். கீமோ வார்டு நர்ஸோ, உப்பும் ஆப்பசோடாவும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்றார். எட்டு சைக்கிள் (மருந்து ஏற்றும் சுற்று), ஆறு மாதம். இரண்டையும் பார்த்தாயிற்று.

முதலில் நான் மவுத்வாஷ் கட்சிதான். ஈறு இடுக்கில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற கிருமி பெருங்குடல் கட்டிகளில் மண்டிக் கிடப்பதை 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. கீமோவுக்குக் கட்டி மசியாமல் போகவும் அது துணைபோகிறது என்று 2017-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அம்மாவுக்கு ஏற்றிய ஆக்ஸாலிபிளாட்டினும் அந்த ஆய்வில் பார்த்த மருந்துகளில் ஒன்று. படித்தவுடன் வயிற்றைக் கலக்கியது. வாயிலேயே மொத்தமாகக் கொன்றுவிட்டால் என்ன என்று தோன்றியது.

ஆனால் கொப்பளிக்கிற மருந்து ஈறுக்கடியில் ஆழமாக இறங்காது. அங்கே படிந்ததைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதை ஸ்கேலிங் செய்துவிட்டது. கட்டிக்குள் ஏற்கெனவே குடியேறிய கிருமியையும் மவுத்வாஷ் தொடாது. அதே 2017-இல் எலிகளின் உடலில் கட்டி வளரும் வேகத்தைக் குறைத்தது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக். அதுவும் எலியில்தான். இதில் ஒரு வேடிக்கை: தலை, கழுத்துப் புற்றுநோயில் இதே ஃபியூசோபாக்டீரியம் இனக் கிருமிகள் கட்டியில் இருந்தவர்கள் கூடுதல் காலம் பிழைத்ததாக 2024-இல் லண்டன் ஆய்வாளர்கள் சொன்னார்கள். யாரை வில்லன் என்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முடிவைத் தந்தது கிருமி இல்லை, நாக்கு. கீமோவில் ஏற்கெனவே வாய் இரும்பாகக் கசக்கும். மவுத்வாஷ் தொடங்கிய பத்தாம் நாள் அம்மா ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல புளி போட்டியா இல்லையா?" என்றார். போட்டிருந்தேன். ருசியை மாற்றுவதும் பல்லில் பழுப்புக் கறை ஏற்றுவதும் குளோர்ஹெக்சிடினின் தெரிந்த குணங்கள். பல் பிடுங்கிய புண் ஆறும்வரை, பிரஷ் வைக்க முடியாத சில நாட்களுக்கு அதைப்போல் ஒன்று இல்லை. ஆறு மாதம் இழுக்கிற வண்டி அது இல்லை. ருசி போனால் சாப்பாடு போகும், சாப்பாடு போனால் எடை போகும்; எடை இறங்கினால் அடுத்த சைக்கிளே தள்ளிப்போகலாம்.

அதற்குப் பிறகு நர்ஸ் சொன்ன உப்பு-ஆப்பசோடா தண்ணீர்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. பேக்கிங் பவுடர் இல்லை, கவனம். தினமும் புதிதாகக் கரைத்து, நாளுக்கு ஐந்தாறு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். இந்த அலுப்பு மவுத்வாஷில் கிடையாது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய நான்கைந்து நாள் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி பட்டாலே அம்மாவுக்குத் தொண்டையில் ஊசி குத்தும். வெதுவெதுப்பான இந்தத் தண்ணீர் அப்போது இதமாக இருந்தது. கிருமியை அது பெரிதாகக் கொல்லாது. புண்ணை எரிக்காமல் வாயை அலசும். மீதி வேலை மெத்தென்ற பிரஷ்ஷுக்கு.

இதெல்லாம் ஒரே ஒரு வாயில் பார்த்தது. வாய்க்கே ரேடியேஷன் வாங்குகிறவர்களுக்கு என் கதை பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்க குளோர்ஹெக்சிடின் வேண்டாம் என்றே சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பென்சிடமைன் என்ற வேறு மவுத்வாஷ் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.