சுங்கை சிப்புட்டில் ஆண்டெனாவைத் திறக்காமல் பழுதைக் கண்டுசொல்லும் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து செம்பனைத் தோட்ட அலுவலகத்துக்கு இணையம் கொண்டுசெல்லும் எங்கள் 5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு, இடி இடித்துக் கொட்டிய ஒரு மாலைக்குப் பிறகு வலுவிழந்தது. ரேடியோவை மாற்றியும் பயனில்லை. ஆகவே, எட்டுக்கு எட்டாக 64 செப்புத் திட்டுகள் கொண்ட தட்டை ஆண்டெனாவைக் கழற்றி, கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சோதனைக் கூடத்தில் கொடுத்தேன். கட்டணம் 350 ரிங்கிட்.

சுவரெங்கும் அலைகளை உறிஞ்சும் கறுப்பு நுரைக் கூம்புகள் ஒட்டிய அறையில், ஆண்டெனாவுக்கு 20 செ.மீ. முன்னால் ஒரு சிறு உணரி, ஒரு மீட்டர் சதுரப் பரப்பில் 2.5 செ.மீ.க்கு ஓரிடமாக 1,681 இடங்களில் நின்று நின்று, இரு முனைவாக்கங்களிலும் (அலையின் புலம் அதிரும் திசைகளிலும்) அலையின் வீச்சையும் கட்டத்தையும் (அதிர்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) பதிவு செய்கிறது. இந்த அலைவரிசையில் அரை அலைநீளம் 2.6 செ.மீ.; இடைவெளி அதைத் தாண்டினால் கணக்கு கெட்டுவிடும். அதன்பின், ஆண்டெனாவின் முகத்தில் எத்தகைய மின், காந்த ஓட்டங்கள் பரவியிருந்தால் அளந்த புலமே கிடைக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்கிடுகிறது. இதன் அடிப்படையை 1901இலேயே லவ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலார் எழுதிவிட்டார்.

அந்த ஓட்டங்களை வண்ணத்தில் காட்டும் முதல் படம் வாழைப்பூவை நசுக்கியதுபோல் கலங்கி வந்தது. தூரத்தைச் செப்புத் தளத்திலிருந்து அளக்காமல் பிளாஸ்டிக் மூடியிலிருந்து அளந்துவிட்டார்கள். திருத்திய பிறகு கீழ் இடது மூலையில் 16 திட்டுகள் ஒன்றாக இருண்டு கிடந்தன. கால் பங்கு செத்தால் ஆதாயம் (அலையை ஒரு திசையில் குவிக்கும் திறன்) சுமார் 2.5 டெசிபெல் குறைய வேண்டும். எங்கள் இணைப்பில் குறைந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. மூடியைத் திறந்தபோது, அந்த மூலைக்குப் போகும் ஊட்டுத்தடத்தின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. இடியின்மேல் நான் போட்ட பழி வீண்!

“எக்ஸ்ரே மாதிரிதான் அண்ணே” என்று கடைத் தம்பி சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. படத்தில் தெரிவது செப்பில் ஓடும் மின்னோட்டமன்று. வெளியே அதே புலத்தைத் தரக்கூடிய, நாம் வரித்துக்கொண்ட ஒரு பரப்பின் மேலுள்ள ஈடான ஓட்டம். மேலும், அளந்த பரப்பு ஒரு மீட்டரோடு நின்றுவிடுவதால், நேர்முன் திசையிலிருந்து சுமார் 60 பாகைக்கு அப்பால் சாய்ந்து செல்லும் அலைகள் பதிவாவதில்லை. அதனால் படத்தின் நுணுக்கம் 3 செ.மீ. அளவில் நின்றுவிடுகிறது. எங்கள் திட்டுகள் 4 செ.மீ. இடைவெளியில் இருந்ததால் பிழைத்தோம். இன்னும் நெருக்கமாக அடுக்கிய ஆண்டெனா வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

வேலையில் குறையில்லை, அறிக்கையில் உண்டு. வண்ணப்படம் அழகாக இருக்கிறது, ஆனால் எந்த நிறம் எத்தனை டெசிபெல் என்ற அளவுகோல் இல்லை. கேட்ட பிறகே தனியாக அச்சிட்டுத் தந்தார்கள். மறுமுனை ஆண்டெனாவையும் அடுத்த வாரம் அங்கேயே கொடுக்கப்போகிறேன்.