காளானா, சோவாந்தஸா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க முதல் உயிர்ப்பவளம் வாங்க வருபவர்கள் கடையில் தயங்கி நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் முன்னால்தான். காளான் பவளத்துக்கு மங்கிய வெளிச்சமே போதும். பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 50 முதல் 100. தொட்டியின் அடியில், விளக்குக்கு நேர் கீழே இல்லாமல் ஓரமாக வைத்தால் அதன் தட்டுப் போன்ற உடல் அகலமாக விரியும். வெளிச்சம் மிஞ்சினால் விளிம்பு சுருண்டு நிறம் வெளுக்கும்.

சோவாந்தஸ் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்: 100 முதல் 150 வரை. போதவில்லையென்றால், நிழலில் முளைத்த நாற்றுப் போலத் தண்டு நீண்டு விளக்கை நோக்கி எக்கும். அழகில் காளான் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நீல விளக்கின் கீழ் ஆரஞ்சு வாயும் பச்சை விளிம்புமாகக் கனல்போல் ஒளிரும். ஆனால் இந்தக் குடும்பத்தின் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவே கூடாது. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்தே மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

விளக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்: நீலம் மிகுந்த எல்இடி, நாளுக்கு 8 மணி நேரம். புதிய விளக்கைப் பாதி வலுவில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். தொட்டிக்குள் கைவிடும் குழந்தைகள் வீட்டில் இருந்தால், என் தேர்வு காளான்தான்.