ஒரு படி இறங்கி எடுத்த பியானோ புத்தகம்

பியானோ கற்கத் தொடங்கியபோது எனக்கு 38 வயது. ஒன்றரை வருடம் போனதும் கொஞ்சம் துணிச்சல் வந்து, செர்னி என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 299-ஐ (ஓபஸ் என்பது படைப்பு எண்) வாங்கினேன். 40 வேகப் பயிற்சிகள். முதல் பயிற்சி வெள்ளைக் கட்டைகளிலேயே அமையும் ஸி மேஜர் சுர வரிசைதானே, கறுப்புக் கட்டைகள் பயமுறுத்தாது என்று நினைத்தேன். நான்கு மாதம் அந்த ஒரு பயிற்சியிலேயே கிடந்தேன். வலது மணிக்கட்டு இறுகிப்போனதுதான் மிச்சம். ஒரு நாள் என் ஆசிரியை அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பர்க்முல்லரின் ஓபஸ் 100-ஐ எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். "இதை முடிச்சிட்டு அதுக்குப் போகலாம்" என்றார்.

ஆரம்பப் பாடம் தாண்டியவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். 25 சின்னப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சிறிய கைகளுக்கு எட்டும்படி எழுதி, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற விரல் எண்களும் போட்டிருப்பதாக பர்க்முல்லர் மூலத் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார். பயிற்சி என்ற நினைப்பே வராது, பாட்டு வாசிப்பது போலவே இருக்கும். இரண்டாவது பாடமான 'அராபெஸ்க்'கில் இடது கை ஏ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, வலது கை ஏ, பி, ஸி, பி, ஏ என்ற சுரங்களில் ஒரே மூச்சில் ஓடிவிட்டு நிற்கும். சரி, வந்துவிட்டது என்று நினைக்கும்போது அந்த ஓட்டம் இடது கைக்கு மாறும். என் சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் எவ்வளவு பலவீனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, இடது கையை மட்டும் மூன்று வாரம் வாசித்தேன். ஒரு நொடிகூட அலுக்கவில்லை.

அதற்கும் கீழே, ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிறவர்களுக்கு பேயரின் ஓபஸ் 101 இருக்கிறது. 106 பயிற்சிகள், படிகள் மிக நிதானமாக ஏறும். ஆனால் வெகுதூரம் வரை இரண்டு கைகளுக்கும் மேல் சுரங்களுக்கான குறியான ட்ரெபிள் கிளெஃப்பிலேயே எழுதியிருப்பதால், கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிளெஃப் படிக்கக் கற்பது தள்ளிப்போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மாஸ்' முதல் தொகுதியை அதோடு சேர்த்து வைத்துக்கொண்டால் இந்தக் குறை தெரியாது. இரண்டு கைகளும் ஒரே மெட்டை வாசிப்பதில் தொடங்கும். காதுக்கும் புதிதாக இருக்கும். ஹானோனின் 60 பயிற்சிகளை விரல் சூடாக்கப் பத்து நிமிடம் வாசிக்கலாம், அதையே பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பர்க்முல்லருக்கு அப்புறம் கிளெமென்டியின் ஓபஸ் 36 சொனட்டினாக்கள் (சில பகுதிகள் கொண்ட சிறு படைப்புகள்), பிறகு இரண்டு கைகளும் தனித்தனி மெட்டு வாசிக்கும் பாக்கின் 15 இன்வென்ஷன்கள்.

நிலை பார்க்க நான் செய்வது இதுதான்: புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு கையாகத் தனித்தனியே, மிக மெதுவாக வாசித்துப் பார்ப்பேன். வரிக்கு இரண்டு தடவைக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு எனக்கான புத்தகம் இல்லை.

பதிப்பையும் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய பர்க்முல்லரில் பாதிப் பாடங்களுக்கு விரல் எண்ணே இல்லை. பசை போட்டு ஒட்டிய முதுகு என்பதால் ஸ்டாண்டில் வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். பாட்டின் நடுவில் ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமை. தனிப் பாடல்கள் வாங்கும்போது ஹென்லே பதிப்பகத்தின் நீல அட்டைப் பதிப்புகளைப் பார்ப்பேன். ஒன்று முதல் ஒன்பது வரை கடின அளவு கொடுக்கிறார்கள், அதை நம்பி எடுக்கலாம். 'எளிதாக்கப்பட்டது' என்று எங்கோ மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று மட்டும் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். அப்படி ஒன்று கிடைத்து, கற்ற பாட்டையே மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று எனக்கு.

இப்போது பதினைந்தாவது பாடமான 'பாலாட்'டில் இருக்கிறேன். ஸி மைனர். தொடக்கத்தில் வலது கை கார்டுகளை மட்டும் தட்டுகிறது. அங்கே கதை சொல்வது இடது கைதான்.